இணைப்பை மாற்றினால் கம்ப்யூட்டர் பறக்குமா?

(நமது பகுதி நேர நிருபர்)

மும்பையில் தாராவி, செம்பூர், முலுண்டு பகுதிகளில் வசிக்கும் நம்மவர்கள் பலர் வீட்டில் இன்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கோ, டைப்பிங் வேலைக்கோ, கடைக் கணக்குக்கோ வாங்கியது. பெரும்பாலும் ஏதோ ஆபீசில் கழித்த பழைய பெட்டி. லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து வந்தாலும் திரை தயாராகாது.

ரிப்பேருக்குக் கொண்டு போனால், "உங்க பெட்டியில இருக்கிறது பழைய இணைப்பு அண்ணாச்சி. போர்டை மாத்தி 600 மெகாபைட் இணைப்புப் போட்டுட்டா பறக்கும்" என்று சில கடைகளில் சொல்கிறார்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தில் பிடித்தம் செய்து போட வேண்டிய செலவுதானா இது? பெரும்பாலோருக்கு இல்லை என்பதே பதில். காரணத்தைத் தெரிந்து கொண்டால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது.

வழி பெரிது, வண்டி மெதுவு

தகவல்களைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க்கையும் கம்ப்யூட்டரின் போர்டையும் இணைக்கும் வழிக்கு 'இன்டர்பேஸ்' என்று பெயர். முதலில் பட்டையான ரிப்பன் கேபிள் இருந்தது. அதில் நொடிக்கு அதிகபட்சம் 133 மெகாபைட் போகலாம். 2003-ல் 'சாட்டா' என்னும் மெல்லிய கேபிள் 150 மெகாபைட் வேகத்துடன் வந்தது. அது பிறகு 300 ஆகி, 2009-ல் 600 ஆயிற்று. ஏட்டில் பார்த்தால் நாலு மடங்கு. ஆனால் இவையெல்லாம் வழியின் கொள்ளளவே தவிர டிஸ்க்கின் வேகம் அல்ல.

டிஸ்க்கின் உள்ளே ஒரு தகடு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு தகவல் வேண்டுமென்றால், படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரச் சுமார் 9 மில்லி செகண்டு ஆகும். தகடு சுழன்று அந்த இடம் முனைக்கு அடியில் வரச் சராசரியாக இன்னும் 4 மில்லி செகண்டு. ஆக, ஒரு நொடியில் 75 தேடல்களைத்தான் முடிக்க முடியும்.

கம்ப்யூட்டர் துவங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகளைத் தேடி எடுக்கிறது. ஒரு துணுக்கு 4 கிலோபைட் என்று வைத்துக் கொண்டால், நொடிக்கு வருவது வெறும் 300 கிலோபைட். 150 மெகாபைட் வழியிலேயே ஐநூறில் ஒரு பங்குதான் நிரம்புகிறது. அதை 600 ஆக்கி என்ன பிரயோஜனம்?

எல்லா ஸ்டேஷனிலும் நின்று கல்யாண் போகும் ஸ்லோ லோக்கலை எண்ணிப் பாருங்கள். தண்டவாளத்தில் 200 கிலோமீட்டர் வேகத்தை அனுமதித்தாலும் அது எத்தனை நிமிடம் முன்னால் வந்துவிடும்?

எதை மாற்றலாம்?

மாற்ற வேண்டியது டிஸ்க்கைத்தான். 'எஸ்.எஸ்.டி.' என்பதில் சுழலும் தகடே கிடையாது. ஒரு தேடலுக்கு 0.1 மில்லி செகண்டு போதும். இதைப் பழைய 300 மெகாபைட் இணைப்பில் மாட்டினாலும் வித்தியாசம் கண்கூடு. இதற்காகப் போர்டை மாற்றத் தேவையில்லை. கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஓர் உறை வாங்கிப் போட்டுப் படங்கள் சேமிக்க வைத்துக் கொள்ளலாம்.

சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் தரும். 'என்.வி.எம்.ஈ.' வகை 3,500-ம் அதற்கு மேலும் தரும். ஆனால் கம்ப்யூட்டர் துவங்குவதில் இரண்டுக்கும் வித்தியாசம் சில விநாடிகளே. கடிதம் அடிப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் முதலாவதே போதும்.

விதிவிலக்கும் உண்டு

பெரிய பைல்களை அடிக்கடி நகல் எடுப்பவருக்கு இணைப்பின் வேகம் பலன் தரும். வெளியிலிருந்து மாட்டும் டிஸ்க் பழைய யு.எஸ்.பி. 2.0 வழியில் நொடிக்குச் சுமார் 35 மெகாபைட் தருகிறது. 30 ஜிகாபைட் கல்யாண வீடியோவை ஏற்ற 14 நிமிடம் பிடிக்கும். யு.எஸ்.பி. 3.0 வழியில் அதே டிஸ்க் 120 மெகாபைட் தந்தால் 4 நிமிடத்தில் வேலை முடியும். வீடியோ தொழில் செய்பவர்களுக்கு இது நியாயமான செலவு.

செலவுக்கு முன் சோதனை

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள பெட்டியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'பெர்பார்மன்ஸ்' பகுதியைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்வதாகக் காட்டி, வேகம் ஒன்றிரண்டு மெகாபைட்டில் நின்றால் கோளாறு தேடலில்தான், எஸ்.எஸ்.டி. மாற்றலாம். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் முதலில் அதைக் கூட்ட வேண்டும்.

எதை மாற்றுவதானாலும் பிள்ளைகளின் பாடங்களையும் ஊர்ப் பத்திரங்களின் நகல்களையும் வேறிடத்தில் பதிந்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கடையில் கொடுங்கள். எஸ்.எஸ்.டி. மட்டும் போட எவ்வளவு, போர்டையும் சேர்த்து மாற்ற எவ்வளவு என்று தனித்தனியே கேட்டு வாங்குங்கள்.