நிழற்படக் கலையும் நீடித்த இன்பமும்

ஓய்வுநேரத்தை இனிது கழித்தற்கு மக்கள் மேற்கொள்ளும் பொழுதுபோக்குகள் பலவாம். அவற்றுட் சில, தொடங்கிய நாளிற் பேரார்வம் ஊட்டிச் சின்னாளிலேயே சலிப்பிற்கு இடமாகின்றன. சிலவோ, பழகப் பழகச் சுவை மிகுவனவாய் வாழ்நாள் முழுதும் உடன்வருகின்றன. பிலிம் சுருளைக் காமிராவிற் பொருத்திப் படம் எடுக்குங் கலை இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது என்பதும், அவ்வின்பம் நீடித்தற்கு வேண்டுவது யாது என்பதும் ஈண்டு ஒருவாறு ஆராயப்படும். கைப்பேசி ஒவ்வொன்றும் காமிராவாயிருக்கும் இக்காலத்தில் இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், எளிதிற் கிடைப்பதனை விடுத்து இவ்வரிய வழியை நாடும் இளைஞர் நம்முள்ளும் உளராதலின் என்க.

முதற்கண் படம் தோன்றும் முறையை அறிதல் வேண்டும். பிலிம் என்பது, ஜெலட்டின் என்னும் பசையிற் கலந்த வெள்ளியுப்பின் நுண்மணிகள் பூசப்பெற்ற தெளிந்த மெல்லிய தகடாகும். நொடியின் நூற்றிலொரு பங்கு போன்ற சிறுபொழுது லென்சின் வழியே ஒளி வந்து படுமிடத்து, அம்மணிகளில் வெள்ளியணுக்கள் சில பிரிந்து நிற்கின்றன. இது கண்ணுக்குப் புலனாகாத மறையுருவாம். டெவலப்பர் என்னும் நீர்மத்தில் இட்டவழி, ஒளிபட்ட மணிகள் முழுதும் கரிய வெள்ளியாக மாறுகின்றன. பின்னர் ஹைப்போ என்னும் உப்பின் கரைசல், ஒளிபடாத மணிகளைக் கரைத்து அகற்றுகின்றது. வெள்ளியுப்பைக் கரைக்கும் ஹைப்போவின் இவ்வியல்பை ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் 1819-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர். இவ்வாறு, ஒளி மிக்க இடம் கருமையாகவும் இருண்ட இடம் வெளிறியும் தோன்றும் நெகடிவ் உண்டாகின்றது. அதனின்று காகிதத்தில் மீண்டும் ஒளி பாய்ச்சி எடுப்பதே நாம் காணும் படமாம்.

இம்முறையிற் காலமும் வெப்பமும் அளவறிந்து காக்கப்படல் வேண்டும். டெவலப்பரின் வெப்பம் பெரும்பாலும் 20 பாகையாகக் கொள்ளப்படும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூரில் மார்கழி இரவுகளில் இஃது எளிது. தாழ்ந்த நிலத்திலுள்ள கிருஷ்ணகிரியில், சித்திரை மாதத்திலோ, பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி நீர் வைத்தாலன்றி இயலாது. வெப்பம் மிகின் உரு விரைந்து கருக்கும். மேலும் மிகின் பசையே நெகிழ்ந்து கெடும். ஆகவே ஊரின் தட்பவெப்பமும் இக்கலைக்கு ஓர் ஆசிரியனாகின்றது.

இனி, இதன்கண் உள்ள இன்பம் யாதெனப் பார்ப்போம். வழக்கமான 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளொன்றில் 36 படங்களே அடங்கும். ஒவ்வொன்றும் பொருட்செலவுடையது, எடுத்த படத்தை உடனே காணவும் இயலாது. இவ்விரு குறைகளுமே இக்கலையின் இரு நிறைகளாகின்றன. எண்ணிக்கை குறைந்தமையின், எடுப்பவன் ஒருமுறைக்கு இருமுறை நின்று நோக்குகின்றான். ஒளி எப்பக்கத்தினின்று வருகின்றது, எப்பொருள் வேண்டும், எது வேண்டா என்று தெரிகின்றான். ஒளியளக்குங் கருவி இல்லாதவிடத்தும் அவன் கலங்குவதில்லை. நல்ல வெயிலில் லென்சின் துளையை 16 என்னும் அளவில் வைத்து, பிலிமின் வேகம் 100 ஆயின் நொடியின் நூற்றிலொரு பங்கு அளவிற்குக் கதவைத் திறத்தல் வேண்டும் என்னும் எளிய விதி ஒன்று உண்டு. அதனைப் பயின்ற கண் நாளடைவில் ஒளியைத் தானே அளக்கக் கற்கின்றது. காத்திருத்தலும் வீண்போவதன்று. விதைத்த உழவன் முளையை நோக்கியிருத்தல் போல, நெகடிவை ஒளியில் உயர்த்திக் காணுங்காறும் உள்ளத்தில் நிற்கும் எதிர்பார்ப்பு தானே ஓர் இன்பமாம்.

எனினும், இவ்வின்பம் தானாக நீடிப்பதென்று கூறுதல் இயலாது. பிலிமின் விலை மிகுதி. அதனை நம் நாட்டிலேயே செய்தற்கென உதகமண்டலத்தில் 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம் தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு நாட்டுப் பௌஷே நிறுவனத்தின் துணையோடு 1967 முதல் அது பிலிம் செய்து, திங்களைக் குறிக்கும் இந்து என்னும் பெயரால் விற்றது. காலம் மாறியதும் அந்நிறுவனம் நலிவுற்று மூடப்பட்டது. அமெரிக்க நாட்டுக் கோடக் நிறுவனமும் 2012-இல் நொடிப்பு நிலையை அடைந்து, பின் மீண்டது. இன்று நாம் வாங்கும் சுருள்கள் பெரும்பாலும் பிறநாட்டினின்று வருவன. மாணவன் ஒருவன் இச்செலவை மேற்கொள்ளுதல் தகுமோ எனின், திங்களுக்கொரு சுருளென வரையறுத்துக் கொள்பவனுக்குத் தகும். கருவிமேற் கருவி வாங்குவதிலேயே களிப்பவனுக்குத் தகாது என்பதே எம் துணிபு. கருவியிற் பிறக்கும் ஆர்வம் அடுத்த கருவியோடு மாறும். பொருளிற் பிறக்கும் ஆர்வமோ பொருள் உள்ளளவும் நிற்கும்.

இதற்குச் சான்றாவார் மா. கிருஷ்ணன் அவர்கள். பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் புதல்வராகிய இவர் 1912-இற் பிறந்து 1996-இல் மறைந்தனர். விலையுயர்ந்த கருவிகளை நாடாது, வெவ்வேறு உறுப்புக்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட காமிராவிற்குச் சூப்பர் பாண்டெரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டுக், காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையிற் படம் பிடித்தனர். இவருக்குச் சலிப்புத் தோன்றாமைக்குக் காரணம் காமிராவன்று. யானையும் மானும் பறவையுமே. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் இறக்குங்காறும் இயற்கையைப்பற்றி எழுதிவந்தமையும் இவ்வார்வத்தின் மறுபக்கமே.

இவருக்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே, சென்னை மாகாண அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர், மெழுகூட்டிய காகித நெகடிவுகளைக் கொண்டு தென்னாட்டுக் கோயில்களைப் படம் எடுத்தனர். தஞ்சைப் பெருங்கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களை அவர் 1858-இல் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினர். கல்லின் எழுத்தை வெள்ளியின் எழுத்தாக்கிய அப்பணி இன்றும் அழியாதிருக்கின்றது.

இத்தகைய பொருள் நம் எல்லைப்புறத்தில் இல்லையோ எனின், நிரம்ப உண்டு. கைக்கடிகாரமும் பாரவண்டியும் செய்யும் ஆலைகள் மலிந்த ஓசூரைக் கண்டார், இந்நாட்டைப் புதிய நாடென்றே எண்ணுவர். ஆயின், தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும், ஊரைக் காத்தும் ஆநிரை மீட்டும் உயிர்துறந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் பல நிற்கின்றன. அவற்றுட் சில இன்றும் வேடியப்பன் என வழிபடப்படுகின்றன. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறையாக வகுத்தல் தமிழ் மாணவர் அறிந்ததே. படம் எடுப்பானுக்கும் முதலில் வேண்டுவது காட்சியே.

நடுகல்லின் செதுக்கல் ஆழமற்றது. ஒளி நேர்முகமாக விழின், வீரனும் வில்லும் எழுத்தும் கல்லோடு கல்லாக மறைகின்றன. சாய்ந்து உராய்ந்து விழின், ஒவ்வொரு கோட்டின் அருகும் நிழல் தோன்றி உருவம் எழுகின்றது. தெற்கு நோக்கிய கல்லிற்குக் காலையும் மாலையும் ஏற்றவை. கிழக்கு நோக்கியதற்கு விடியற்காலை ஆகாது. கதிரவன் உச்சியை அணுகும் நேரமே வேண்டும். ஆகவே ஒரு கல்லைப் படம் எடுக்க இருமுறை மும்முறை செல்லுதல் நேரும். செல்லுந்தோறும் ஊர் முதியோர் அக்கல்லைப்பற்றி ஒரு செய்தி கூறுவர். அதனையும் நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். சாலை விரிவும் மனைப்பிரிவும் கற்சுரங்கமும் பெருகும் இந்நாட்டில், இன்று நிற்குங் கல் நாளை நிற்குமென்பதற்கு உறுதியில்லை. படமெடுத்துப் பதிதற்குக் கைப்பேசியும் போதும், அதனையும் எடுத்துக்கொள்க. ஆயின், கல்லின்முன் நின்று காத்திருக்கக் கற்பிப்பது பிலிமே.

ஆதலின், பழைய காமிரா ஒன்று தம் இல்லத்துப் பெட்டியிற் கிடக்கக் காணும் மாணவர், அதனைப் பழுதுபார்த்து ஒரு சுருள் இடுக. தமக்கென ஒரு பொருளைத் தேர்ந்துகொள்க. 36 படங்களுள் நான்கு நன்றாயின் அதுவே பெரும்பேறு. ஒளியைப் படைத்த இறைவன் அதனைக் காணக் கண்ணும் தந்தனன். அக்கண்ணை நின்று நோக்கப் பழக்கும் எக்கலையும் பயனுடையதேயாம்.