அணுவைப் பிடித்து நிறுத்தும் படிப்பு

"பி.எஸ்சி. இயற்பியல் படித்தால் அடுத்து என்ன சார்?" என்று மேல்நிலை மாணவர்கள் கேட்கும்போது, நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருவது "பி.எட். முடித்து ஆசிரியராகலாம்" என்ற பதில்தான். அது நல்ல பதிலே. நானும் அந்த வழியில் வந்தவன். ஆனால் அதே பட்டத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்கும் ஒரு வழி பிரிகிறது. அதிலும் சோதனைமுறை அணு, மூலக்கூறு இயற்பியல் என்ற துறையைப் பற்றி இங்கே எழுதக் காரணம் உண்டு. அதன் வேர் நம் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. கைவேலை தெரிந்த பிள்ளைகளை அது விரும்பி ஏற்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு செய்முறையில் பாதரச ஆவி விளக்கின் ஒளியைக் கீற்றணி வழியே பார்த்து அலைநீளம் கணக்கிடுகிறோம். அதில் பளிச்சென்று தெரியும் பச்சை வரியின் அலைநீளம் 546 நானோமீட்டர். பாதரச அணுவின் எலக்ட்ரான் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் படியிலிருந்து இன்னொரு படிக்கு இறங்கும்போது வெளிவரும் ஒளி அது. வேறு எந்தத் தனிமத்துக்கும் இதே வரிகளின் அடுக்கு கிடையாது. 1928இல் சர் சி.வி. ராமனும், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் பாதரச விளக்கின் ஒளியைத் திரவங்களில் செலுத்தி, சிதறி வந்த ஒளியில் புதிய வரிகளைக் கண்டார்கள். மூலக்கூறுகளின் அதிர்வு அந்த வரிகளில் பதிவாகியிருந்தது. நம் மாணவர் குறிப்பேட்டில் எழுதும் சோதனையும் அந்தச் சோதனையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இன்றைய ஆய்வகங்கள் ஒளியைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஒளியைக் கொண்டே அணுவை நிறுத்துகின்றன. ரூபிடியம் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்வோம். அது 39 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வேலூரில் சித்திரை மாதத்தில் தானாகவே உருகும். அதன் ஆவியில் ஓர் அணு அறை வெப்பநிலையில் நொடிக்குச் சுமார் 270 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. எதிர்த்திசையிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தினால், அணு உட்கவரும் ஒவ்வொரு ஃபோட்டானும் அதன் வேகத்தை நொடிக்கு 6 மில்லிமீட்டர் அளவே குறைக்கிறது. அப்படியானால் அணுவை நிறுத்த ஏறத்தாழ 45,000 ஃபோட்டான்கள் வேண்டும். இந்த வகுத்தலைப் பதினொன்றாம் வகுப்பில் உந்தம் நடத்தும்போது கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். பாடநூல் கணக்குகளைவிட இது மாணவர்களை அதிகம் கவர்கிறது என்பது என் அனுபவம்.

எதிரே வரும் அணுவை மட்டும் லேசர் தள்ள வேண்டும், விலகிச் செல்லும் அணுவைத் தள்ளக் கூடாது. அதற்கு டாப்ளர் விளைவு கைகொடுக்கிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் சுருதி கூடிக் கேட்பதுபோல, லேசரை நோக்கி வரும் அணுவுக்கு ஒளியின் அதிர்வெண் சற்றுக் கூடித் தெரியும். ஆகவே அணு உட்கவரும் அதிர்வெண்ணுக்குக் கொஞ்சம் குறைவாக லேசரை வைத்தால், எதிரே வரும் அணுக்களே அதைப் பெரும்பாலும் உட்கவரும். ஆறு திசைகளிலிருந்தும் ஒளி, நடுவில் காந்தப்புலம் என்று அமைத்தால் கோடிக்கணக்கான அணுக்கள் ஒரு சிறு ஒளிப்புள்ளியாகத் திரண்டு நிற்கும். அப்போது அவை நொடிக்கு ஒரு சாண்கூட நகர்வதில்லை. இந்த லேசர் குளிர்வித்தலுக்காக ஸ்டீவன் சூ, கிளாட் கோஹன்-தனூஜி, வில்லியம் ஃபிலிப்ஸ் மூவருக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. சத்யேந்திரநாத் போஸ் 1924இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு, 1995இல் ஆய்வகத்தில் கண்ணால் காணக் கிடைத்ததும் இந்த வழியில்தான்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நொடி என்பதே சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என்றுதான் 1967 முதல் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசியில் வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்து செல்கின்றன. மூலக்கூறு பக்கத்துக்கு வந்தால், குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள்கூட டி.என்.ஏ. இழையை முறிக்கும் என்று 2000ஆம் ஆண்டில் கனடாவில் கண்டறிந்தார்கள். கதிர்வீச்சு உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அது உதவியது.

இந்த ஆய்வில் சேரும் மாணவர் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் என்ன செய்வார்? பெரும்பாலும் கருவியைக் கட்டுவார். வளிமண்டல அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு வெற்றிடத்தை இறக்க வேண்டும். ஒரு போல்ட் சரியாக முடுக்கப்படாவிட்டால் காற்று கசியும்; எங்கே கசிகிறது என்று தேடுவதிலேயே ஒரு வாரம் போகும். லேசரின் கண்ணாடிகளை மயிரிழை அளவு திருப்பிச் சரிசெய்ய வேண்டும், மின்சுற்றுக்குச் சால்டரிங் வைக்க வேண்டும், தரவுகளைச் சேகரிக்கப் பைத்தானில் நிரல் எழுத வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவியின் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெண் ஐந்தாவதோ ஆறாவதோதான். ஆனால் வெர்னியர் அளவீட்டில் பிழை எங்கே வருகிறது என்று எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். இப்போது எம்.எஸ்சி. படிக்கிறாள். ஆய்வுக்குப் போக ஆசை என்றதும் அவள் அப்பா என்னைத் தேடி வந்து, "இன்னும் அஞ்சாறு வருஷம் படிக்க வைக்க நம்மால முடியுமா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வானவருக்கு மாத உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. இதைக் கேட்டதும் அவர், "அப்போ இது வேலை மாதிரிதானே" என்றார். ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. உதவித்தொகை சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாக வரும்; தொடக்கத்தில் கையில் கொஞ்சம் காசு வேண்டும். பட்டம் பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு என்பதால் அதன்பின் சில ஆண்டுகள் வெளிநாட்டிலோ வேறு ஆய்வகத்திலோ தற்காலிகமாகப் பணியாற்ற நேரும். லேசர், வெற்றிடக் கருவி, குறைகடத்தித் தொழில்களில் இந்தக் கைத்திறனுக்கு மதிப்பு இருப்பது ஓர் ஆறுதல். 6,003 கோடி ரூபாயில் 2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கமும் இந்தத் துறைக்கு ஆள் தேடுகிறது.

வழி எப்படி? பிளஸ் டூ முடித்ததும் ஐசர் நிறுவனங்களின் ஐ.ஏ.டி. தேர்வோ, நைசர் நிறுவனத்துக்கான நெஸ்ட் தேர்வோ எழுதலாம். அதைத் தவறவிட்டால் கதவு மூடிவிடுவதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அதுவும் இல்லையென்றால் நம் பல்கலைக்கழகங்களிலேயே எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட், கேட், ஜெஸ்ட் ஆகியவற்றில் ஒன்றை எழுதலாம். நெட் தேர்வுக்கு முதுநிலையில் பொதுப் பிரிவினருக்கு 55 விழுக்காடு வேண்டும், ஓ.பி.சி. (கிரீமி லேயர் அல்லாதோர்), எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 50. தேர்வுக்குப் பிறகு நேர்காணல். அங்கே மனப்பாடம் எடுபடாது; "நீ செய்த ஒரு சோதனையைச் சொல், அதில் பிழை எங்கிருந்து வந்தது?" என்பது போன்ற கேள்விகள்தான் வரும்.

அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் 1947இல் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு உள்ளது. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் குளிர்ந்த அணுக்களைக் கொண்டு ஆய்வு நடக்கிறது. மூலக்கூறு மோதல்களுக்கு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அணுக் கடிகாரத்துக்குப் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், லேசருக்கு இந்தோர் ராஜா ராமண்ணா மையம், நம் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி. என்று பட்டியல் நீளும். வெளிநாட்டில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும், சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப மையமும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஊதியமோ உதவித்தொகையோ தருகின்றன. நிறுவனத்தின் பெயரைவிட, ஆய்வு நெறியாளர் யார், அவருடைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று விசாரித்துச் சேர்வது முக்கியம்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை பெரிய செலவு இல்லாதவை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு பழைய குறுந்தகட்டைச் சாய்த்து, அதில் பழைய சி.எஃப்.எல். விளக்கும் எல்.இ.டி. விளக்கும் எப்படி வேறு வேறாகத் தெரிகின்றன என்று காட்டலாம். முன்னதில் தனித்தனி நிறக் கோடுகள், பின்னதில் தொடர்ச்சியான வானவில். நடுநிலை வகுப்பில் ஆசிரியரே ஒரு கம்பியில் உப்பை எடுத்துச் சுடரில் காட்டினால் சோடியத்தின் மஞ்சள் தெரியும். மேல்நிலையில் செய்முறை வகுப்பை அளவீடுகளை எழுதிவைக்கும் வகுப்பாக விடாமல், ஒவ்வொருவரும் நிறமாலைமானியைத் தாங்களே சரிசெய்யும்படி நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் தடையாகத் தோன்றும். கலைச்சொற்களை இரு மொழியிலும் சொல்லிப் பழக்கினால் பயம் பாதி குறையும்.

தேசிய அறிவியல் நாளையொட்டியும் அதற்குப் பின்னும் பல ஆய்வு நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் திறந்த நாளுக்கு எல்லையோர மாவட்டப் பள்ளிகள் காலையில் பேருந்தேறி மாலையில் திரும்பிவிடலாம். கல்லூரிக்குப் போன முன்னாள் மாணவர்களுக்கு இன்னொன்றைச் சொல்லிவையுங்கள். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைகால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. தேர்வானவர்கள் இரண்டு மாதம் ஓர் உண்மையான ஆய்வகத்தில் வேலை செய்யலாம். விண்ணப்பம் கோடைக்குப் பல மாதங்கள் முன்னரே முடிந்துவிடும். எனவே தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது.