விழுங்கற் குறைபாட்டுக்கான கஞ்சி

விழுங்கற் குறைபாட்டுக்கான கஞ்சி என்பது, உணவையும் நீரையும் இயல்பாக விழுங்க இயலாதவர்களுக்கென அரிசி, பருப்பு, கேழ்வரகு முதலியவற்றைக் குழைய வேகவைத்து, மசித்து, வடிகட்டி, ஒரே சீரான பதத்தில் ஆக்கப்படும் உணவு ஆகும். நோயுற்றவருக்குக் கஞ்சி கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு அவ்வழக்கம் பொருத்தமானதே. ஆனால் பருக்கையும் தெளிந்த நீரும் கலந்த வழக்கமான கஞ்சி, விழுங்கற் குறைபாடு உடையவரின் மூச்சுக்குழலுக்குள் எளிதில் இறங்கக்கூடியது. பதம் மாற்றப்பட்ட கஞ்சியைத் தனியே குறிப்பிட வேண்டியிருப்பது இதனால்தான்.

பெயரும் பரவலும்

ஆங்கிலத்தில் சீனக் கஞ்சியைக் குறிக்கும் 'காஞ்சி' என்ற சொல், தமிழின் 'கஞ்சி' போர்த்துக்கேயர் வழியாகச் சென்று உருவானதாகும். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563 இல் வெளியிட்ட நூலில், மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குக் கொடுக்கப்படும் அரிசி நீரை இப்பெயராலேயே குறிப்பிடுகிறார்.

தென்சீனாவின் கான்டனிய மக்கள் 'ஜுக்' எனப்படும் கஞ்சியை, அரிசியின் உருவம் கரையும் வரை நெடுநேரம் கொதிக்க வைப்பர். மெல்ல இயலாத முதியோருக்கு இது ஏற்ற தொடக்கம். அதே வீடுகளில் மணிக்கணக்கில் காய்ச்சப்படும் தெளிந்த சூப்பு, நம் இரசத்தைப் போலவே, எவ்வளவு சத்துடையதாயினும் விழுங்கற் குறைபாட்டைப் பொறுத்தவரை வெறும் நீர்தான். தமிழ்நாட்டு உணவுகளில் ஜுக்குக்கு நெருங்கியது, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்த்துக் குழைய ஆக்கப்படும் இசுலாமியரின் நோன்புக் கஞ்சி எனலாம்.

புரையேறல்

உணவு தொண்டையை அடையும்போது குரல்வளை மேலெழும்புகிறது, குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் ஒன்று சேர்கின்றன. மூச்சுப்பாதை இவ்வாறு அடைபட்ட நிலையில் உணவு, உணவுக்குழாயினுள் செல்கிறது. இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதிநோய் ஆகியவற்றில் இந்த ஒழுங்கு குலைகிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கான அறுவையும் கதிர்வீச்சும் இக்குறைபாட்டை ஏற்படுத்தலாம். மெல்லும் புகையிலைப் பழக்கம் பரவலாக உள்ள இந்தியாவில் இக்காரணம் சிறிதன்று.

நீர் போன்ற நீர்மங்கள் விரைந்து பாய்வதால், மூச்சுப்பாதை அடைபடும் முன்பே தொண்டையை அடைந்துவிடுகின்றன. புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, 'யாரோ நினைக்கிறார்கள்' என்று கூறி, ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். நலமுடையவருக்கு அதனால் தீங்கில்லை. விழுங்கற் குறைபாடு உடையவருக்கோ அந்தத் தண்ணீரே அடுத்த புரையேற்றம் ஆகும்.

இருமலே இல்லாமலும் உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். தொண்டையின் உணர்வு மங்கியவர்களிடம் இது காணப்படுகிறது. உண்டபின் குரல் நீர் கோத்தாற்போல் சளசளத்தல், உணவு நேரத்தில் மூச்சு வாங்குதல், அடிக்கடி காய்ச்சல், உடல் எடை குறைதல் ஆகியன கவனிக்கத்தக்க அறிகுறிகள். இதன் கடுமையான விளைவு நுரையீரல் அழற்சி.

வழக்கமான கஞ்சியில் உள்ள சிக்கல்

முதற் சிக்கல் இருபதம். பருக்கையும் நீரும் கலந்த கஞ்சியை வாயில் வைத்திருக்கும் ஒருவர், பருக்கையை மென்றுகொண்டே நீரை அடக்கி வைக்க வேண்டும். மெல்லும்போதே நீர் தொண்டைக்குள் நழுவுகிறது. நீராகாரம், இரசம் சோறு, நீர்த்த மோர்ச்சோறு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வடமாவட்டங்களில் ஆடி மாதம் அம்மன் கோயில்களில் வார்க்கப்படும் கூழும் அத்தகையதே: கேழ்வரகு மாவுடன் வெந்த நொய், கரைத்த மோர், அதில் மிதக்கும் வெங்காயத் துண்டுகள் என ஒரே வாயில் மூன்று பதங்கள்.

இரண்டாவது, அரிசி வகை. புழுங்கலரிசி நெல்லாக இருக்கும்போதே வேகவைக்கப்படுவதால், மீண்டும் நெடுநேரம் வெந்தாலும் பருக்கை உருக்குலையாமல் நிற்கும். சோற்றுக்கு நல்லதான இக்குணம் இங்கே குறை. பச்சரிசி நொய் விரைவில் கரையும்.

மூன்றாவது, உமிழ்நீர். அதிலுள்ள அமிலேசு என்னும் நொதி மாப்பொருளை உடைக்கிறது. வாயில் வைத்த கரண்டியை மீண்டும் மீண்டும் கிண்ணத்தில் இடும்போது, கெட்டியாக இருந்த கஞ்சி உணவு முடிவதற்குள் நீர்த்துப்போகும். மாப்பொருளால் ஆன தடிப்பாக்கி மாவுகளுக்கும் இக்குறை உண்டு. சாந்தன் கோந்தால் ஆனவற்றை அமிலேசு உடைப்பதில்லை. வீட்டில் இதற்குத் தீர்வு எளிது. கஞ்சியைச் சிறு கிண்ணத்தில் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். மீந்ததைப் பாத்திரத்தில் திரும்பக் கொட்டக்கூடாது.

பதத்தை அளத்தல்

'கெட்டியாகக் கொடுங்கள்' என்னும் அறிவுரை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொருள் தரும். இதனைச் சீராக்க 2013 இல் தொடங்கிய பன்னாட்டு முயற்சி, உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பகுத்தது. அவ்வகைப்பாடு 2019 இல் திருத்தப்பட்டது. வெறும் நீர் நிலை 0. மசித்த கூழ் நிலை 4. இயல்பான உணவு நிலை 7.

இவ்வகைப்பாட்டின் சிறப்பு, அதற்கு ஆய்வகம் தேவையில்லை என்பதே. விழுங்குதலை ஊடுகதிர்ப் படமாகப் பார்க்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்ற சிற்றூரில் அடுத்த வேளைக் கஞ்சியை அளக்க ஒரு சிரிஞ்சும் ஒரு முட்கரண்டியும் போதும். ஊசி நீக்கிய 10 மி.லீ சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, 10 மி.லீ அளவுக்கு நீர்மத்தை நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி ஒழுக விட வேண்டும். 1 மி.லீக்கும் குறைவாக எஞ்சினால் நிலை 0. 1 முதல் 4 வரை எஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை எனில் நிலை 2. 8க்கு மேல் எஞ்சியும் சிறிதேனும் ஒழுகினால் நிலை 3. ஒழுகவே இல்லையெனில் நிலை 4 அல்லது அதற்கு மேல். சிரிஞ்சில் 0 முதல் 10 வரையான கோட்டின் நீளம் 61.5 மி.மீ இருக்க வேண்டும். வேறு நீளமுடையவற்றில் அளவு பிறழும்.

நிலை 4 கஞ்சி முட்கரண்டியின் மேல் குவியலாக நிற்கும். கரண்டியைச் சாய்த்தால் முழுதாக வழுக்கி விழ வேண்டும். பசைபோல் ஒட்டிக்கொண்டால் அது தொண்டையிலும் ஒட்டும்.

சோதனையை உண்ணும் சூட்டிலேயே செய்ய வேண்டும். மாப்பொருள் ஆற ஆற இறுகுவதால், அடுப்பிலிருந்து இறக்கும்போது நிலை 3 ஆக இருப்பது அரைமணி கழித்து நிலை 4 ஆகிவிடலாம்.

ஆக்கும் முறை

பச்சரிசி நொய் 50 கிராம், பாசிப்பருப்பு 15 கிராம், நீர் 600 மி.லீ என்று தொடங்கலாம். அரிசிக்கு அரிசி பதம் மாறும் என்பதால் இவ்வளவு ஒரு தொடக்கமே. நீருக்கு மாற்றாக, காய்கறியோ ஆட்டெலும்போ பூண்டு, சீரகத்துடன் கொதிக்க வைத்து வடித்த சாற்றைப் பயன்படுத்தினால் சுவையும் மணமும் கூடும். குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, சூடு தணிந்தபின் மிக்சியில் அரைத்து, மாவுச் சல்லடையில் தேய்த்து வடிக்க வேண்டும். சல்லடையில் தங்கும் பருப்புத் தோலும் நாரும் வியப்பூட்டும் அளவில் இருக்கும், இவ்வடிகட்டலைத் தவிர்க்கக்கூடாது.

கடுகு, கறிவேப்பிலை, முழு மிளகு தாளிப்பது ஆகாது. மணம் வேண்டுமெனில் நெய்யில் தாளித்து, நெய்யை மட்டும் வடித்துச் சேர்க்கலாம். நெய் கஞ்சியை வழுக்கச் செய்வதோடு ஆற்றலையும் கூட்டுகிறது. வெறும் அரிசிக் கஞ்சியில் புரதம் மிகக் குறைவு என்பதால் பருப்பு, பால், நன்கு அரைத்த முட்டை ஆகியவற்றுள் ஒன்றேனும் சேர வேண்டும். கதிர்வீச்சால் வாய் புண்பட்டவருக்குக் காரமும் புளிப்பும் விலக்கு.

கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்த பாலைக் காய்ச்சும் முறை குழந்தைகளுக்கென வீடுகளில் ஏற்கெனவே உள்ளது. மேற்கண்ட கூழைவிட இதுவே இங்கு ஏற்றது.

ஊட்டும் முறை

உண்பவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்திருப்பவர் வாயில் சங்காலோ கரண்டியாலோ ஊற்றுவது கேடு. தமிழர் வழக்கமான அண்ணாந்து குடித்தலும் அத்தகையதே; தலை பின்சாயும்போது நீர் தன் எடையாலேயே தொண்டைக்குள் விழுகிறது. தேக்கரண்டியில் அரைக்கரண்டி அளவு கொடுத்து, விழுங்கியதை உறுதிசெய்தபின் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருப்பதும், வாயைத் தூய்மை செய்வதும் தேவை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உமிழ்நீருடன் நுரையீரலுக்குள் செல்வதும் அழற்சிக்கு ஒரு காரணம்.

வரம்புகள்

பதத்தைக் கூட்டுவது எல்லோருக்கும் நன்மை தருமா என்பதில் மருத்துவ உலகில் விவாதம் உண்டு. மறதிநோயோ பார்க்கின்சன் நோயோ உடைய 515 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், தடிப்பாக்கிய நீர்மம் குடித்தவர்களுக்கும், முகவாயைத் தாழ்த்தி இயல்பான நீர்மம் குடித்தவர்களுக்கும் இடையே நுரையீரல் அழற்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தடிப்பாக்கியவற்றைக் குடித்தோரிடம் நீரிழப்பு கூடுதலாக இருந்தது. கெட்டியான நீர்மத்தை ஒருவர் விரும்பிக் குடிப்பதில்லை என்பதே இதற்கு எளிய விளக்கம். சித்திரை, வைகாசி வெயிலில் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கவனிப்பது நன்று.

எந்த நிலை யாருக்குப் பொருந்தும் என்பதைப் பேச்சு, மொழி நோயியல் வல்லுநரே முடிவு செய்ய வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு விழுங்கும் திறன் சில வாரங்களில் மீள்வதால், ஒருமுறை குறித்த நிலையையே தொடராமல் மறுசோதனை செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. அவ்வாறு வரும் பணியாளரிடம் இருமல், குரல் மாற்றம், எடைக்குறைவு ஆகியவற்றைத் தெரிவித்து, வல்லுநர் உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்கலாம்.