கண்ணாடித் துண்டில் இருக்கும் எண்கள் உங்களுடையவை

தெல்லிப்பழைச் சந்தியில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற ஒருவரிடம் “உங்கட பவர் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். “அது கடைக்காரருக்குத்தான் தெரியும்” என்று பதில் வரக்கூடும். கண்ணும் உங்களுடையது, காசும் உங்களுடையது. எண் மட்டும் கடைக்காரரிடம் இருப்பது சரியில்லை. கண்ணாடி பிழைத்தால் முறையிடுவதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் சான்று அந்த எண்தான்.

கண்ணைச் சோதித்து எழுதித் தரும் துண்டில் முதலில் எழுதப்படுவது 6/6, 6/12, 6/60 போன்ற எண். இது பவர் அல்ல. 6 மீற்றர் தூரத்தில் நிற்கும் நீங்கள், நல்ல பார்வையுள்ள ஒருவர் 12 மீற்றரில் நின்றே வாசிக்கக்கூடிய எழுத்தைத்தான் வாசிக்கிறீர்கள் என்பதே 6/12. மேலேயும் மீற்றர், கீழேயும் மீற்றர் என்பதால் அலகு வெட்டுப்பட்டு வெறும் விகிதமாகி விடுகிறது. 1862 இல் ஒல்லாந்து வைத்தியர் ஸ்னெல்லன் வகுத்த முறை இது. 6/6 வரியில் ஓர் எழுத்தின் உயரம் 9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அட்டையை 6 மீற்றரில் வைக்காமல், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மூலமாவது அந்தத் தூரத்தைச் சரிக்கட்டாமல், ஒடுங்கிய கடைக்குள் 3 மீற்றரில் வைத்து அதே அட்டையை வாசிக்கச் சொன்னால், 6/12 பார்வை உள்ளவரும் 6/6 வரியை வாசித்துவிடுவார். ஆகவே அட்டை எத்தனை மீற்றருக்கு உரியது என்று கேளுங்கள்.

இன்னொன்று. 6/6 வந்தால் கண்ணில் நோயில்லை என்று அர்த்தமில்லை. கண் அழுத்த நோய் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டிருக்கும்போதும் நடுப் பார்வை 6/6 ஆக நிற்கும். நீரிழிவு விழித்திரையைத் தாக்கத் தொடங்கும் காலத்திலும் அப்படித்தான். இவற்றைப் பவர் சோதனை காட்டாது. நீரிழிவு உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கண் வைத்தியரிடம் விழித்திரையைக் காட்ட வேண்டும்.

பவர் எனப்படுவது டயொப்டர். குவியத் தூரத்தை மீற்றரில் எடுத்து 1 ஐ அதனால் வகுத்தால் வருவது. வாசிக்கும் கண்ணாடியை வீட்டிலேயே சோதிக்கலாம். வாசலுக்கு எதிரேயுள்ள சுவருக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து முன்பின் நகர்த்துங்கள். முற்றத்துக்கு அப்பால் நிற்கும் பனைமரம் ஓரிடத்தில் தலைகீழாகத் தெளிவாகச் சுவரில் விழும். அப்போது சுவருக்கும் வில்லைக்கும் இடையில் 50 சென்ரிமீற்றர் இருந்தால் அது +2.00. 40 சென்ரிமீற்றர் என்றால் +2.50. திருவிழாக் கடையில் வாங்கிய கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண் உண்மையா என்று அறிய அடிமட்டம் ஒன்றே போதும். கழித்தல் பவருக்கு இந்த வித்தை சரிவராது.

தலையிடியும் முறைப்பாடும் அதிகம் பிறக்கும் இடம் துண்டின் மற்றப் பகுதி. உருளைப் பவர் என்று ஒரு எண்ணும், அதற்கு அருகில் 0 முதல் 180 வரை ஒரு பாகையும் இருக்கும். அந்தப் பாகை வில்லையை எந்தச் சாய்வில் வெட்டிப் பொருத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. 10 பாகை பிழைத்தால் திருத்த வேண்டிய குறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படியே மிஞ்சும். 30 பாகை பிழைத்தால் உருளைப் பவர் போட்டதும் போடாததும் ஒன்றுதான். கண்மணிகளுக்கு இடையிலான தூரம் மில்லிமீற்றரில் எழுதப்படும். பலருடைய துண்டில் அந்த எண்ணே இருப்பதில்லை. -4.00 பவர் உள்ள ஒருவருக்கு வில்லைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் 5 மில்லிமீற்றர் பிழைத்தால் 2 பிரிசம் அளவு இழுப்பு உண்டாகும். 1 மீற்றர் தூரத்தில் உள்ள பொருள் 2 சென்ரிமீற்றர் விலகியதுபோல் கண்கள் வலிந்து திரும்ப வேண்டியிருக்கும். “போடப் போடப் பழகிவிடும்” என்ற சமாதானத்தைச் சில நாட்களுக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தலை சுற்றினால், நிலம் சரிந்து தெரிந்தால், துண்டோடு திரும்பிப் போய், பொருத்திய வில்லையை உங்கள் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். வில்லையின் பவரை அளக்கும் கருவி இல்லாமல் எந்தக் கடையும் இந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்ய முடியாது.

விலை ஏறுவது இன்டெக்ஸில். ஒளிமுறிவுச் சுட்டி எனப்படும் இதற்கும் அலகு இல்லை. சாதாரண பிளாஸ்ரிக் வில்லைக்கு 1.5, பொலிகாபனேற்றுக்கு 1.59, அதற்கு மேல் 1.67, 1.74. எண் கூடக்கூட வில்லை மெலியும். ஆனால் மெலிவதெல்லாம் நன்மையல்ல. 1.5 வில்லையின் ஒரு பரப்பில் தெறித்துப் போகும் ஒளி 4 சதவீதம், 1.74 இல் 7 சதவீதத்துக்கு மேல். ஒளித்தெறிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டால் அது கண்ணைக் கூசவைக்கும். -1.00 பவர்காரருக்கு 1.74 விற்பது, என் பார்வையில், தேவையில்லாத செலவை அவர் தலையில் கட்டுவதுதான். பள்ளிப் பிள்ளைக்கு இலகுவில் உடையாத பொலிகாபனேற்றைக் கேளுங்கள். கரும்பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளையை உடனே சோதிக்க வேண்டும். ஒரு கண் மட்டும் குறைபட்டிருந்தால் மூளை அந்தக் கண்ணைக் கைவிடப் பழகும். ஏழெட்டு வயதுக்குப் பிறகு அதை மீட்பது கடினம்.

தோட்டத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி அலங்காரமல்ல. ஆனால் கறுப்பு நிறம் வேறு, பாதுகாப்பு வேறு. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்து நிற்பதால், அந்தக் கதிர் உள்ளே புக வழி கூடும். 400 நனோமீற்றர் வரை தடுக்கும் என்பதைக் குறிக்கும் ‘யூவி 400’ இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியின் இருளைக் குறிக்கும் வகை எண்களில், வகை 3 பகல் வெயிலுக்குப் பொருந்தும். வகை 4 போட்டு வாகனம் ஓட்டக்கூடாது.

வெல்டிங் கண்ணாடியின் எண்ணும் அலகில்லாததுதான். 10 ஆம் எண் ஏறக்குறைய 7,000 இல் ஒரு பங்கு ஒளியை விடும். 14 ஆம் எண் அதைவிட 50 மடங்கு இருண்டது. கிரகணம் வந்தாலும், பட்டறையில் கிடந்த 10 ஆம் எண்ணால் சூரியனைப் பார்க்கக்கூடாது. எக்ஸ்ரே பிலிமும் புகைபிடித்த கண்ணாடியும் கூடவே கூடாது. யாழ்ப்பாணத்தின் மேலாக 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் வளையச் சூரிய கிரகணம் சென்றது. வட இலங்கையில் அடுத்தது 2031 மே 21. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால், சுடுபட்டது உடனே தெரியாது.

இனி உரிமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பொருளைப் பற்றிப் பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் விதமாகவோ சொல்லி விற்பது குற்றம். 1.67 என்று காசு வாங்கி 1.5 பொருத்தினால் அது இதற்குள் அடங்கும். ஆகவே பற்றுச்சீட்டில் “கண்ணாடி 1” என்று மட்டும் எழுத விடாதீர்கள். இரு கண்ணின் பவர், பாகை, கண்மணித் தூரம், இன்டெக்ஸ், பூச்சு எல்லாம் எழுதப்பட வேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்து, பிறகு பத்திரங்களுக்காக அலைந்த மக்கள் நாங்கள். காணி உறுதி வைத்திருக்கும் அதே பிளாஸ்ரிக் உறைக்குள் இந்தத் துண்டையும் வையுங்கள்.

கடை திருத்தித் தர மறுத்தால் 1977 இலக்கத்துக்கு அழைத்து அதிகார சபையின் ஆலோசனையைப் பெறலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரித்தபின் பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. முறைப்பாட்டுடன் பற்றுச்சீட்டின் பிரதியையும் வைத்தியரின் துண்டையும் இணையுங்கள். முடிந்தால் இன்னொரு கடையில் அந்த வில்லையை அளப்பித்து, கிடைத்த எண்களையும் எழுதுவித்துச் சேருங்கள்.