சுவரேறும் ரோஜாவுக்குப் பெயர் என்ன?

ஓசூரில் ரோஜா என்பது சென்டிமீட்டர் கணக்கு. பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் பக்கத்துப் பசுமைக்குடில்களில் காம்பு அறுபது சென்டிமீட்டர் வளர்ந்தால் ஒரு விலை, நாற்பதில் நின்றுவிட்டால் இன்னொரு விலை. இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றி, குளிர்வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதே ஊரில் நான்கைந்து மீட்டர் நீளத்துக்குக் கிளை விட்டுச் சுவரேறுகிற ரோஜா எங்கே பார்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் ஊட்டியில சார்” என்பார்கள்.

ஊட்டியில் உண்டு, மறுக்கவில்லை. 1995-இல் தொடங்கிய அந்த அரசு ரோஜாப் பூங்கா 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது வாங்கியது. ஏறும் ரகங்களைப் பூவோடு பார்க்க அங்கே போய் வரலாம். ஆனால் வளர்ப்பதற்கு ஊட்டி வரை போக வேண்டியதில்லை. ஓசூரே ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்றார்கள் என்பதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் விடாமல் சொல்வார்கள். மத்திகிரியிலும் தளி சாலையிலும் பாகலூர் சாலையிலும் வரிசையாக முளைக்கும் லே-அவுட் வீடுகளுக்கு இடம் குறைவு, காம்பவுண்டுச் சுவர் நீளம். தரையில் இரண்டடி மண் போதும். மீதியை உயரத்தில் எடுத்துக்கொள்கிற செடிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. காகிதப்பூ கட்சிக்காரர்கள் உடனே எழுந்து நிற்பார்கள்: அது தண்ணீர் கேட்காது, மருந்து கேட்காது. சரி. மணமும் தராது.

ஏறும் ரோஜாவில் இரண்டு சாதி உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பணம் போச்சு. ஒன்று ராம்ப்ளர். கிளை மெலிசாக வளைந்து கொடுக்கும். சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாக, ஆண்டுக்கு ஒரே முறை, பெரும்பாலும் முந்தைய வருடத்துக் கிளையில் வரும். 1901-இல் வந்த ‘டோரத்தி பெர்கின்ஸ்’ இந்த இனம். குளிர் உறைக்கும்படி இருந்தால்தான் இவற்றுக்குப் பூக்கும் நினைவே வரும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் விட்டுவிடலாம். மற்றது கிளைம்பர். கிளை தடிமன், விறைப்பு, பெரிய பூ, விட்டு விட்டு ஆண்டு முழுவதும் பூக்கும். ஓசூருக்கு இதுதான்.

அதிலும் நம் சமவெளிச் சூட்டைத் தாங்குவது டீ ரோஸ், நாய்செட் வம்சம். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நெல் பண்ணைக்காரரின் தோட்டத்தில் சீன ரோஜாவும் கஸ்தூரி ரோஜாவும் கலந்து பிறந்தது நாய்செட். ஓயாமல் பூக்கும் குணம் சீனப் பக்கத்திலிருந்து வந்தது. பிரான்சில் அதை டீ ரோஸோடு சேர்த்து மேலும் வளர்த்தார்கள். 1864-இல் வந்த மஞ்சள் ‘மரேஷால் நீல்’, 1869-இன் ‘ரெவ் தோர்’ எல்லாம் அந்த வழி. குளிர்நாட்டில் இவற்றைக் கண்ணாடி அறைக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை. முள்ளே வேண்டாம், கேட் பக்கம் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்றால் ‘லேடி பேங்க்ஸ்’ உண்டு. அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1885-இல் நட்ட ஒரே ஒரு வெள்ளை லேடி பேங்க்ஸ் இன்று எட்டாயிரம் சதுர அடிக்கு மேல் பந்தல் போட்டு நிற்கிறது. பழைய கிளையில்தான் அது பூக்கும். ஒழுங்காக இருக்கட்டுமே என்று கத்தரியை எடுத்தால் அந்த வருடம் பூ இல்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. நம் நர்சரிகளில் அதிகம் நடமாடுவது அதுதான். குட்டையாக வளரும் புதர் ரோஜாவில் என்றைக்கோ ஒரு கிளை மட்டும் திடீரென்று நீண்டு ஓடும். இயற்கை செய்கிற திடீர் மாற்றம். அந்தக் கிளையிலிருந்து மொட்டு எடுத்து ஒட்டினால் ஏறும் வகை கிடைக்கும். 1958-இல் வந்த வெள்ளை ‘ஐஸ்பெர்க்’ 1968-இல் இப்படித்தான் ஏறத் தொடங்கியது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மொட்டை எடுக்க வேண்டியது அந்த நீண்ட கிளையிலிருந்து. நட்ட முதல் இரண்டு வருடம் கட்டையாகக் கவாத்து செய்தால் செடி பழைய புதர் குணத்துக்கே திரும்பிவிடவும் கூடும்.

நட்டாகிவிட்டது, இனி எப்படி ஏற்றுவது? ரோஜாவுக்குப் பாகல் மாதிரி பற்றுக்கம்பி கிடையாது. காட்டில் முள்ளால் மாட்டிக்கொண்டு மேலே போகும். வீட்டில் நாம்தான் கட்டிவிட வேண்டும். சுவரில் ஒட்டினாற்போல் கட்டாமல் அரையடி தள்ளிக் கம்பி இழுத்தால் காற்று ஓடும், சாம்பல் நோய் குறையும். கிழக்குச் சுவர் உத்தமம். ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இறங்கினால் கிருஷ்ணகிரி, உயரம் கிட்டத்தட்டப் பாதி. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மேற்குச் சுவர் கொதிக்கும். அதில் ரோஜாவை ஏற்றினால் நுனி கருகிச் செஞ்சிலந்திதான் குடியேறும். அந்த ஊரில் சுவரை விட்டுவிட்டு வேலியிலோ, நான்கு பக்கமும் காற்றுப் போகிற பந்தலிலோ படர விடுவது புத்திசாலித்தனம்.

ஆனால் தொழிலின் உயிர் கட்டுவதில் இல்லை, வளைப்பதில் இருக்கிறது. செங்குத்தாக விட்ட கிளையில் நுனி மட்டும் வளரும், பூவும் உச்சியில் மட்டும் வரும்; மாடி வீட்டுக்காரர் ரசிப்பார், நட்டவருக்குத் தண்டு தெரியும். அதே கிளையைப் படுக்கை வாட்டில் வளைத்துக் கட்டினால் நுனியின் ஆதிக்கம் உடைந்து, கணுவுக்குக் கணு பக்கத் துளிர் வெடித்து, ஒவ்வொன்றிலும் பூ வரும். இதைச் சொல்லிக்கொடுக்க யாரையும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டாம். ஓசூர்ப் பசுமைக்குடில்களில் வேலை செய்யும் பெண்களுக்கு ‘பெண்டிங்’ என்றால் கைப்பழக்கம். பூவுக்கு உதவாத கிளையை ஒடியாமல் மடக்கிக் கீழே படுக்கவைப்பார்கள். அதன் இலை செடிக்குச் சோறு சமைக்கும், அடியிலிருந்து விற்பனைக்கான தண்டு நேராகக் கிளம்பும். நோக்கம் வேறு. அங்கே வளைத்த கிளை உழைக்கிறது, நிமிர்ந்த கிளை பூக்கிறது. சுவர் ரோஜாவில் வளைத்த கிளையே பூக்கிறது. எந்தக் கிளை எவ்வளவு வளையும், எங்கே ஒடியும் என்கிற விரல் அறிவு மட்டும் ஒன்றுதான். இந்த ஊரில் அந்த அறிவு அத்தனை பேரிடம் இருந்தும், ஒரு வீட்டுச் சுவரில்கூட அது தெரிவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஜூஜூவாடி எல்லையிலிருந்து ஓசூர் வரை, பிறகு கிருஷ்ணகிரி போகிற வழியெல்லாம், சாலையோர நர்சரிகளில் நின்று கேளுங்கள். “கொடி ரோஸ் இருக்கா அண்ணா?” “இருக்கு சார்.” “என்ன ரகம்?” “கொடி ரோஸ்தான் சார். சிவப்பு.” அவ்வளவுதான். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. எந்தச் செடியின் மேல் ஒட்டியது என்ற கேள்வியை விற்பவரும் எதிர்பார்க்கவில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

விளைவு ஒரு வருடம் கழித்துத் தெரியும். செடி அபாரமாக வளரும். பச்சைக் கிளைகள் பத்தடி, பன்னிரண்டு அடி. வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம், ஏறுகிறது அல்லவா! பூ மட்டும் வராது. வந்தாலும் வாங்கின நிறத்தில் இருக்காது. சின்னதாக, வெள்ளையாகவோ வெளிர் ரோஸாகவோ ஒரு முறை வந்து போகும். ஏறியிருப்பது வாங்கிய ரோஜாவே கிடையாது, அடியில் இருந்த வேர்ச்செடி. நல்ல ரகத்தின் மொட்டை முரட்டு ரோஜா ஒன்றின் தண்டில் ஒட்டித்தான் கன்று தயாரிக்கிறார்கள். பசுமைக்குடிலுக்கு ‘நேட்டால் பிரையர்’, மற்ற இடங்களில் மல்டிபுளோரா, இண்டிகா, எட்வர்ட் என்று இடத்துக்கு ஒன்று. மேலே உள்ள ரகம் வெயிலிலோ நுனிக்கருகலிலோ சோர்ந்தால் கீழே இருப்பவன் தலையெடுப்பான். எட்வர்ட் அடியில் இருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பன்னீர் ரோஜா என்று பலர் சொல்வது அதைத்தான், மணமாவது மிஞ்சும்.

உலகம் முழுக்க நடக்கிற கூத்துதான் இது. அமெரிக்காவில் பல வீட்டு முற்றங்களில் கருஞ்சிவப்பு ரோஜா ஒன்று வேலியில் ஏறி நிற்கும். ‘டாக்டர் ஹியூயி’ என்ற ஏறும் ரகம். யாரும் நட்டதில்லை. அங்கே வேர்ச்செடியாகப் பயன்பட்டது, மேல் ரகம் செத்ததும் எழுந்து வந்தது. இதற்கு நேர்மாறாக ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் தேவாலயச் சுவரில் ஒரு காட்டு ரோஜா இருக்கிறது. ஆயிரம் வருடத்துப் பழமை என்று பேசுவார்கள். 1945 குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்தது, ரோஜாவும் எரிந்தது, வேரிலிருந்து மறுபடி துளிர்த்து இன்றைக்குப் பத்து மீட்டர் உயரத்தில் பூக்கிறது. சொந்த வேரில் நின்ற செடி என்பதால் அதே ரோஜா திரும்பி வந்தது. ஒட்டுச்செடியாக இருந்திருந்தால் வந்திருப்பது வேறொன்று. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் காலங்காலமாக வேர்ச்செடியாக உழைத்ததும் அந்த இனம்தான்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்துளிர், ஐந்து இருந்தால் நல்லது என்று ஊரில் சொல்வார்கள். முழுக்க நம்ப வேண்டாம். மல்டிபுளோரா வழிவந்த நல்ல ஏறும் ரகங்களுக்கும் ஏழு வரும். மண்ணைச் சற்று விலக்கி, ஒட்டுக் கட்டிய முண்டு எங்கே என்று பாருங்கள். அதற்குக் கீழிருந்து கிளம்புவது எதுவானாலும் பகை. கத்தரியால் வெட்டினால் அடியில் மிஞ்சும் கணுவிலிருந்து இரண்டாக வரும். பிறந்த இடம்வரை தோண்டிப் பிடித்துப் பிய்த்தெறிய வேண்டும்.

இதே மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் இருக்கிறது. மாங்கன்று நர்சரிக்குப் பெயர் போன ஊர். அங்கே போய் “ஒரு மாங்கன்று கொடுங்க” என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பெங்களூராவா, செந்தூராவா, அல்போன்சாவா, இமாம்பசந்தா? பெயர் சொல்லாமல் வியாபாரம் நகராது. ஏமாற்றினால் ஐந்தாம் வருடம் காய் காட்டிக்கொடுத்துவிடும், ஊருக்கே கெட்ட பெயர் வரும் என்ற பயம் இருக்கிறது. ஒட்டுக்கட்டுகிற கத்தி அதேதான், மாவட்டமும் அதேதான். மாமரத்துக்குக் கிடைத்த மரியாதை ரோஜாவுக்கு ஏன் இல்லை? பசுமைக்குடில்காரர்கூடத் ‘தாஜ்மஹால்’ என்று பெயர் சொல்லித்தான் கன்று வாங்குகிறார். வீட்டுக்காரருக்கு மட்டும் ‘சிவப்பு’ போதும் என்று யார் முடிவு செய்தது?

ரோஜாவின் பெயருக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். தாவரத்துக்காக உலகில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை, 1931-இல் அமெரிக்காவில் தரப்பட்ட ஒன்றாம் எண் தாவரக் காப்புரிமை, ஓர் ஏறும் ரோஜாவுக்குத்தான் போனது. ‘நியூ டான்’. ஆண்டுக்கொரு முறை பூத்த ‘டாக்டர் வான் ஃப்ளீட்’ ரகத்தில் தானாகத் தோன்றிய, திரும்பத் திரும்பப் பூக்கும் கிளை அது. வெளிர் ரோஸ் நிறம். ஒரு கிளை மாறியதைக் கவனித்துப் பெயர் வைத்துப் பதிவு செய்தார்கள். நம் பக்கத்திலும் அப்படிக் கவனித்தவர்கள் இல்லாமல் இல்லை. மணிப்பூர், மியான்மர் மலைகளில் மரம் தாவி ஏறும் ‘ரோசா ஜைஜாண்டியா’ என்ற காட்டு ரோஜாவை எடுத்து, வெப்ப நாட்டுக்கென்றே ரகங்கள் உண்டாக்கும் வேலையைக் கொடைக்கானலில் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் பல காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள். ‘கோல்டன் திரெஷோல்ட்’, ‘மணிப்பூர் மேஜிக்’, தாவரவியலாளரின் பெயர் தாங்கிய ‘இ.கே.ஜானகி அம்மாள்’ எல்லாம் அங்கே பிறந்தவை. ரோஜா ஆர்வலர்களுக்கு வெளிநாட்டிலும் தெரிந்த பெயர்கள். ஓசூர்ச் சாலையோரத்தில் கேட்டால் “சிவப்பு இருக்கு சார், மஞ்சள் நாளைக்கு வரும்.”

தளியில் கொய்மலர்களுக்கென்றே இந்திய-இஸ்ரேல் கூட்டுத்திட்டத்தில் ஒரு சிறப்பு மையம் இருக்கிறது. அதன் ஒரு வேலியோரத்தில் பத்து ஏறும் ரகங்களைப் பெயர்ப்பலகையோடு ஏற்றிவிட்டால், எது இந்த மண்ணுக்கும் நம் போர்வெல் தண்ணீருக்கும் தாங்குகிறது என்று மூன்று வருடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அதுவரை வாங்குகிறவர்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். நர்சரியில் பூவோடு நிற்கும் செடி நிறத்துக்குத்தான் சாட்சி, ஏறும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. தாய்ச்செடி எங்கே ஏறி நிற்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒட்டு முண்டு தெரியும்படி மண்ணை விலக்கிப் பாருங்கள். ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரியாது என்றால் வாங்காமல் அடுத்த நர்சரிக்கு நடங்கள். பத்து பேர் அப்படி நடந்தால் பதினோராவது ஆளுக்குச் சீட்டோடு கன்று கிடைக்கும்.