ஆங்கிலம் கடலைக் கடக்கும் வகை



பிரான்சையும் இங்கிலாந்தையும் பிரிக்கும் ஆங்கிலக் கால்வாயின் மீது, 1909-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆறு நாள் இடைவெளியில் இருவர் தனித்தனியே விமானத்தில் பறந்தனர். 19-ஆம் நாள் பிரெஞ்சுக் கரையிலிருந்து புறப்பட்டவர் ஹ்யூபர்ட் லாதம். வழியில் இயந்திரம் நின்றுவிட, விமானம் கடலில் இறங்கியது. கப்பல் ஒன்று அவரை மீட்டது. 25-ஆம் நாள் புறப்பட்டவர் லூயி பிளேரியோ. அவர் கலே நகரின் அருகிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய 37 நிமிஷங்களில் டோவர் நகரின் அருகே தரையிறங்கினார்.

இருவரும் கடலின்மேல் பறந்தவர்களே. ஆனால் கடலைக் கடந்தவர் ஒருவர்தாம். இவ்வேறுபாட்டை ஆங்கிலம் எவ்வாறு உணர்த்துகிறது? வினைச்சொல்லை அது மாற்றுவதில்லை. இருவருக்கும் ‘ஃப்ளூ’, அதாவது ‘பறந்தார்’ என்பதே வினை. லாதம் ‘ஃப்ளூ ஓவர் தி ஸீ’; பிளேரியோ ‘ஃப்ளூ அக்ராஸ் தி ஸீ’. முன்னதற்குக் கடலின்மேல் பறந்தார் என்பது மட்டுமே பொருள். பின்னதற்கு மறுகரையை அடைந்தார் என்பது பொருள். கரை சேர்ந்ததும் சேராததும் ஒரு சிறு சொல்லில் அடங்கிவிட்டன அன்றோ?

பெயருக்கு முன்னே நிற்கும் இத்தகைய சொல்லை முன்னிடைச்சொல் என்போம். நம் மொழியில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வரும். ஆங்கிலத்தில் இச்சொற்கள் பெயருக்கு முன்னே வரும். இந்த இட மாற்றத்தை மாணவர் எளிதில் கற்றுக்கொள்கின்றனர். கடினமானது வேறொன்று. அதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

1875-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மாத்யூ வெப் என்னும் ஆங்கிலேயர் இதே கால்வாயில் 21 மணி 45 நிமிஷ நேரம் நீந்திப் பிரெஞ்சுக் கரையை அடைந்தார். தமிழில் இதனை, ‘வெப் கால்வாயை நீந்திக் கடந்தார்’ என்கிறோம். ‘கடந்தார்’ என்பது முற்றுவினை; அது சென்ற வழியைச் சொல்லுகிறது. ‘நீந்தி’ என்பது வினையெச்சம். அது சென்ற விதத்தைச் சொல்லுகிறது. ஆங்கிலத்திலோ, ‘வெப் ஸ்வாம் அக்ராஸ் தி சேனல்’. இங்கே நீந்துதலே முற்றுவினையாகிவிட்டது. கடத்தலாகிய பொருள் ‘அக்ராஸ்’ என்னும் சிறு சொல்லில் சென்று அமர்ந்துவிட்டது. நாம் வினையில் வைப்பதை ஆங்கிலம் முன்னிடைச்சொல்லில் வைக்கிறது. நாம் எச்சத்தில் வைப்பதை அது வினையில் வைக்கிறது. உலக மொழிகள் பலவற்றை இவ்வகையில் ஒப்பிட்டு ஆராய்ந்து, அவற்றை இரு பெரும் பிரிவுகளாக வகுத்துக் காட்டியவர் லெனார்டு டால்மி என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர்.

இதனை அறியாமையால் விளையும் பிழை ஒன்றுண்டு. ‘கடந்தார்’ என்னும் வினையை ‘கிராஸ்டு’ என்று பெயர்த்து, போதாதென்று ‘அக்ராஸ்’ என்பதையும் சேர்த்து, ‘கிராஸ்டு அக்ராஸ் தி ரிவர்’ என்று எழுதுவோர் பலர். ஒருமுறை கடந்த ஆற்றை மறுபடியும் கடப்பது போன்றது இது. ‘கிராஸ்டு தி ரிவர்’ என்பது போதும். கடந்த விதத்தையும் சொல்ல வேண்டுமாயின், எச்சத்தை வினையாக்கி, வினையை முன்னிடைச்சொல்லாக்குக. நடந்து கடந்தால் ‘வாக்டு அக்ராஸ்’. ஓடிக் கடந்தால் ‘ரான் அக்ராஸ்’. தவழ்ந்து கடந்தால் ‘கிரால்டு அக்ராஸ்’.

இனி, கடக்கும் இடத்தின் இயல்புக்கேற்ப முன்னிடைச்சொல் மாறுவதையும் அக்கால்வாயிலேயே காணலாம். ஒரு பரப்பின் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சென்றால் ‘அக்ராஸ்’. இருபுறமும் கரை சூழ்ந்த நீரிணையின் ஊடே கப்பல் நெடுகச் சென்றால் ‘த்ரூ’. அக்கப்பல் டோவர் துறைமுகத்துள் நுழையாமல், அதன் பக்கமாகச் சென்று அப்பால் போய்விட்டால் ‘பாஸ்ட்’. கரையை ஒட்டியே சென்றால் ‘அலாங்’. 1994-ஆம் ஆண்டில், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை ஒன்று இக்கடலின் அடியில் திறக்கப்பட்டது. அதில் ஓடும் ரயில் சுரங்கத்தைப் பொறுத்தவரை ‘த்ரூ’ செல்கிறது. கடலைப் பொறுத்தவரை ‘அண்டர்’ செல்கிறது. ‘ஓவர்’ என்பதில் மட்டும் சிறிது எச்சரிக்கை வேண்டும். சுவர் போன்ற உயர்ந்த தடையோடு அது வந்தால், ‘ஏறித் தாண்டி’ என்று பொருள்படும். கடல் போன்ற பரப்போடு வந்தால், ‘மேலே’ என்ற அளவிலும் நின்றுவிடக்கூடும்.

கடக்கப்பட்ட பொருள் முன்னரே தெரிந்திருந்தால், ஆங்கிலம் பெயரை விட்டுவிடும். ‘வெப் ஸ்வாம் அக்ராஸ்’ என்றாலே போதும். அப்போது ‘அக்ராஸ்’ முன்னிடைச்சொல்லாக நில்லாமல் வினையடையாகிறது. ‘த்ரூ’, ‘பாஸ்ட்’ ஆகியவையும் அவ்வாறே. அன்றியும், இச்சொற்களுக்கு முன்னே வேறு அடைகள் வந்து, எவ்வளவு, எவ்வாறு என்பதை வரையறுக்கும். நேரே கடந்தால் ‘ஸ்ட்ரெயிட் அக்ராஸ்’. பாதி கடந்தால் ‘ஹாஃப்வே அக்ராஸ்’. முழுதும் ஊடுருவினால் ‘ரைட் த்ரூ’. லாதம் பறந்ததையும் ‘பார்ட் ஆஃப் தி வே அக்ராஸ்’ என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

செவிக்கு ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் உள்ள ஓர் இணையையும் நினைவிற் கொள்க. ‘கடந்து சென்றான்’ என்னும் வினையாகிய ‘பாஸ்டு’ என்பதும், ‘அப்பால்’ என்னும் முன்னிடைச்சொல்லாகிய ‘பாஸ்ட்’ என்பதும் ஆங்கிலேயர் வாயில் ஒரே ஒலியாகவே வரும். ‘வாக்டு’ என்னும் வினை முன்னரே வந்துவிட்டால், அதை அடுத்து எழுத வேண்டியது முன்னிடைச்சொல்லேயன்றி மற்றொரு வினையன்று.

மிஹிர் சென் என்னும் நம் நாட்டு வீரர் 1958-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். 1966-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள பாக் நீரிணையையும் நீந்திக் கடந்தார். இவ்விரு செய்திகளையும் இன்றிரவு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் வினைச்சொல் நீந்த வேண்டும். சிறு சொல் கடக்க வேண்டும். அவ்வாறு அமைந்தால் நீங்களும் கரை சேர்ந்தீர்கள் என்பது உறுதி.