வில்லும் சிரட்டையும்

பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் அறியாத குழந்தை இல்லை. மேற்கே ஓடிய ஆற்றை அணை கட்டி மறித்து, ஏறக்குறைய ஒரு மைல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார்கள். 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. மார்க்கையன்கோட்டையில் நம்மிடம் படிக்கும் பிள்ளைகள் இந்த அதிசயத்தைச் சிறிய அளவில் செய்து பார்க்க ஆசைப்பட்டார்கள்.

மலைக்கு ஒரு பூவரசங்கட்டை கிடைத்தது. சுரங்கத்தைக் குடையத்தான் கருவி இல்லை. மின்சாரத் துரப்பணம் கடையில் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கி வந்தால் பிள்ளைகள் அறிவது விலை ஒன்றைத்தான். ஆகவே கருவியையும் நாமே செய்வதென்று தீர்மானித்தோம்.

ஒரு சாண் நீளமுள்ள உருண்டைக் கழி. அதன் அடியில் எஃகு அலகு. தலையை அமுக்கிப் பிடிக்க, எண்ணெய் தொட்ட சிரட்டை. மூங்கில் வில்லின் கயிற்றைக் கழியில் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னும் பின்னும் இழுத்தால் கழி சுழலும். இழுக்கும்போது ஒரு திசை, தள்ளும்போது எதிர்த்திசை. ஆதலால் அலகு இரு திசையிலும் வெட்டுமாறு தீட்ட வேண்டும்.

அலகுக்குப் பழைய உருட்டு அரம் ஒன்றை எடுத்தோம். சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டு, இளகியபின் அம்புமுனைபோல் ராவினோம். மறுபடியும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தோம். எஃகு கடினமாயிற்று. கட்டையில் வைத்து நாலு இழுப்பு இழுத்ததும் 'டக்'கென்று முறிந்தது! உலோகங்களைப் பற்றி வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதும் நாம், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கூசினோம்.

முறிந்த துண்டை ஊர்க் கொல்லரிடம் கொண்டுபோனோம். "நெருப்புக் கொடுத்தீங்க, தண்ணி கொடுத்தீங்க, பதம் கொடுக்கலையே, வாத்தியாரய்யா!" என்று அவர் சிரித்தார்.

தோய்த்த எஃகைப் பளபளவென்று தேய்த்து, காய்ந்த இரும்புத் தகட்டின்மேல் மெல்லச் சூடேற்ற வேண்டுமாம். வைக்கோல் நிறம் படர்ந்த கணமே எடுத்துக் குளிர்விக்க வேண்டும். கடினம் சிறிது குறையும். பொட்டென்று முறியும் குணமும் நீங்கும். புத்தகம் இதைச் சுமார் 230 டிகிரி சென்டிகிரேடு என்கிறது. நம்மிடம் டிகிரி இருந்தது. நிறம் அவரிடம்தான் இருந்தது.

இந்தத் துளைக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொங்கு நாட்டுக் கொடுமணலில் சூதுபவளம் போன்ற கடினமான கற்களைத் துளைத்து மணி செய்தார்கள். குஜராத்திலுள்ள கம்பாத் நகரத்து மணித் தொழிலாளர், வில்லால் சுழலும் கருவியின் நுனியில் சிறு வைரத் துணுக்குகளைப் பதித்துக் கல்லைத் துளைப்பதை ஆராய்ச்சியாளர்கள் நம் காலத்திலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள்.

கொல்லரின் மகன் நம் வகுப்பில்தான் படிக்கிறான். தகப்பனாரின் தொழிலைக் கேட்டால் தலைகுனிந்து நிற்பவன் அவன். மறுநாள் அவனே அலகுக்குப் பதம் வைத்தான். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று நிறம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். கட்டையின் மறுபுறம் முதல் சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தபோது அவன் நிமிர்ந்து நின்றிருந்தான்.

வீட்டில் கருவி செய்ய விரும்பும் நேயர்கள் வில்லையும் சிரட்டையும் தேடுமுன் ஊர்க் கொல்லரைத் தேடிப் போவார்களாக!